இரண்டு படிப்பும் ஒரு போனும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நர்ஸிங் நிர்வாகப் படிப்பு உனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நேற்று போனில் அதையே எடுக்கட்டுமா என்று நீ கேட்டதற்கு "ம்ம்" என்றேன், அவ்வளவுதான். அந்த "ம்ம்"முக்கு நீயாகவே ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு, "உனக்கு என்னடா தெரியும், ரெண்டு காலேஜ்ல கால் வச்சு ரெண்டுலயும் திரும்பி ஓடி வந்தவன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். ஓடி வந்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த நிலைமையில் மனிதன் "ம்ம்" தவிர வேறு என்ன சொல்வான்?

அதனால்தான் இதை மெயிலில் எழுதுகிறேன். வாட்ஸப்பில் அனுப்பினால் டூட்டி நடுவில் பாதி படித்துவிட்டு ஓடுவாய். பாதியோடு நிறுத்தினால் வம்பு. வீட்டுக்குப் போ, சாப்பிடு, காலை நீட்டி உட்கார், பிறகு படி. சாப்பிடாமல் படிக்காதே.

நான் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே பாய்லர் மக்கர் பண்ணுகிறது, ஆஸ்பத்திரி படுக்கை விரிப்புகள் இன்னும் காயவில்லை. காய்ந்து, மடித்து, மூட்டை கட்டி ஏற்றுகிற வரை எனக்கு வேலை இல்லை. இந்த லாண்டரி வேலைக்கு வந்து இத்தனை மாதம் நான் தாக்குப்பிடித்ததே உலக அதிசயம் என்று நீ சொன்னாய். எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் படிப்பு விஷயம் இங்கே ஊர்ப் பஞ்சாயத்து ஆகிவிட்டது. சித்தப்பா வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார். "நிர்வாகம்தான். நாற்காலி இருக்கு, மேஜை இருக்கு, நாலு பேர் எழுந்து நிப்பான். எத்தன காலத்துக்கு இன்னொருத்தன் படுக்கையத் தட்டிப் போட்டுக்கிட்டே இருப்பா?" அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. "எதுல நிக்க வேண்டியதில்லையோ அத எடுக்கச் சொல்லு. போன தடவ வந்தப்ப பாத்தேன், அவ கால் ரெண்டும் தலையணை மாதிரி வீங்கிக் கிடந்துச்சு" என்கிறாள். அப்பாவிடம் கேட்டேன். அவர் நாலு வார்த்தை பேசினால் நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கணும், அதனால் யோசித்துத்தான் பேசுவார். "லாரி ஓட்டுறவனும் வேணும், ஷெட்ல உக்காந்து லாரி அனுப்புறவனும் வேணும். ரெண்டு பேருக்கும் முதுகு வலிதான். எடம் மட்டும் வேற" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்து, சிரித்ததில் இருமல் வந்து, அம்மா என்னைத் திட்டினாள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. நிர்வாகம் என்றால் இரண்டு வருஷம், வகுப்பெல்லாம் மாலையில், பகல் டூட்டி மட்டும். முடித்தால் மேற்பார்வையாளர், பிறகு கண்காணிப்பாளர், பிறகு ஒருநாள் ஒரு முழு ஆஸ்பத்திரியின் நர்ஸுகளும் உன் கையில். இன்னொன்று மூன்று வருஷம், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே பாதி வாழ்க்கை. முடித்தால் டாக்டர் வருவதற்கு முன் நீயே பார்த்து, நீயே முடிவெடுத்து, மருந்தை நீயே மாற்றலாம். இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லணும், மற்றது கையை விட்டுப் போய்விடும். சரிதானே?

நேற்று நீ நிர்வாகத்துக்கு ஆதரவாக வரிசையாகக் காரணம் சொன்னாய். வயசாகும், முதுகு தாங்காது, பதவி உயர்வு, எங்கே போனாலும் வேலை கிடைக்கும். எல்லாம் நியாயம். கடைசியில், பேச்சு முடிகிற இடத்தில், ஒன்று சொன்னாய். "அதுலன்னா போன் கையிலயே இருக்கும்டா. ஐ.சி.யூல லாக்கர்ல பூட்டிட்டுப் போகணும்."

அக்கா, அந்த ஒன்றுதான் உண்மையான காரணம். மற்றதெல்லாம் மேலே தூவினது. எனக்குத் தெரியும். படிப்பை விட்ட ஒவ்வொரு தடவையும் நானும் இப்படித்தான் பத்துக் காரணம் சொல்லி, நிஜக் காரணத்தைக் கடைசியில் முணுமுணுத்தேன்.

இனிமேல் எழுதப் போவதை உனக்குச் சொன்னேன் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். இதை முதலில் படி, இரண்டு தரம் படி. வீட்டில்தான் இருக்கிறார், காலையில் என்னிடம் சண்டை போட்டார், ஷேவிங் சரியில்லை என்று.

போன மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அந்த நாட்களில் நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் அம்மா பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்ததே, அது நம் வீட்டுச் சுவர் இல்லை. நம் வீட்டில் எந்தச் சுவர் அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது? அது ஆஸ்பத்திரி மாடிப்படி ஓரம். "அப்பா தூங்குறாருடி, எழுப்ப வேணாம்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று, நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். நீ கண்டுபிடிக்கவில்லை. வார்டில் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிறவள் நீ. சுவரைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீ எவ்வளவு களைத்துப் போயிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் மேல் பழி போடுவதற்காக இல்லை. அப்படித் தோன்றினால் அதோடு மூடி வைத்துவிடு, நாளைக்குப் படி.

நீ தினமும் டூட்டி முடிந்து கூப்பிடுவாய். அம்மா அப்பாவின் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டுகிற மீட்டரை மாட்டி கேமராவுக்கு முன்னால் பிடிப்பாள். எண்பத்தொன்பது, தொண்ணூறு என்று காட்டும். "அவருக்கு இது போதும்மா" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஆனால் சொல்லும்போது உன் முகம் ஒரு நொடி சுருங்கும். வாய் சொன்னதை அம்மா கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அதனால் அம்மா ஒரு வேலை செய்திருக்கிறாள். நீ கூப்பிடுகிற நேரம் நெருங்கும்போது ஆக்ஸிஜன் மெஷினின் குமிழைக் கொஞ்சம் திருகி ஏற்றிவிடுவாள். மீட்டர் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஐந்து என்று ஏறும். நீ "பரவாயில்லையே" என்பாய். போனை வைத்ததும் குமிழைப் பழைய இடத்துக்கு இறக்கிவிடுவாள். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார்களே, அது மாதிரி. எத்தனை வாரம் இப்படி நடந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "தூரத்துல தனியா இருக்கா, அவளாவது நிம்மதியா தூங்கட்டும்னுதான்" என்கிறாள். இப்படி ஒரு கிறுக்குத்தனம் நர்ஸ் இருக்கிற வீட்டில் மட்டும்தான் நடக்கும். மற்ற வீட்டில் யாருக்கு யார் எண்ணைக் காட்டப் போகிறார்கள்?

அன்றைக்கு உனக்கு அடுத்த ஷிஃப்டும் சேர்ந்துகொண்டது. நீ கூப்பிடவில்லை. அம்மா குமிழை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள் என்று இறக்கவே இல்லை.

நான் வேலையிலிருந்து வந்தபோது சாயங்காலம். அம்மா மீட்டரைத் தூக்கி என்னிடம் காட்டினாள். "தொண்ணூத்தெட்டுடா. எப்படித் தூங்குறாரு பாரு, கொழந்த மாதிரி." அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் சிரித்தேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து, "தார்ப்பாயக் கட்டிட்டியா, மழ வருது" என்றார். லாரி ஓட்டின காலத்தில் கூட வந்த கிளீனரிடம் பேசுகிற மாதிரி. கண் உடனே சொருகிவிட்டது. கை சூடாக, சிவந்து, லேசாக உதறிக்கொண்டே இருந்தது.

இங்கேதான் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, தினமும் நான் துணி கொண்டுபோய் இறக்குகிற இடம். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? உனக்கு போன் பண்ணினோம். நீ எடுக்கவில்லை. மறுபடி பண்ணினோம். "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடலாம்டா, இங்க இருக்கவங்களுக்கு என்ன தெரியும்" என்று அம்மா சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உன் போன் ஏதோ ஒரு லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நடுவில் அப்பா. மீட்டர் மட்டும் சமத்தாகத் தொண்ணூற்றெட்டு காட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதே. சொல்ல மாட்டேன். அத்தனை மிஸ்டு கால் எதற்கு என்று நீ பிறகு கேட்டபோது, "சும்மா பேசலாம்னுதான்" என்று அம்மா சமாளித்துவிட்டாள்.

பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைத் தூக்கினேன். அம்மா "இரு, இரு" என்று பின்னாலேயே வந்தாள். வண்டியில் மறுநாள் இறக்க வேண்டிய துவைத்த விரிப்பு மூட்டைகள் இருந்தன, அதன் மேலேயே படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரிப் பின்வாசல்தான் எனக்குப் பழக்கம், கை தானாக அங்கேதான் திருப்பியது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "என்னப்பா, இந்நேரத்துக்குத் துணியா?" என்றார். "துணி இல்லண்ணே, அப்பா" என்றேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டு, அவரே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

உள்ளே ஒரு சிஸ்டர். குள்ளம், குரல் மட்டும் பெரிசு. அப்பாவின் முகத்தில் ஆக்ஸிஜன் குழாய் பதிந்த தடத்தைப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், அம்மா நீட்டிய மீட்டரை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "வீட்ல ஆக்ஸிஜன் யாரு ஏத்துனது?" என்றார். அப்படியே கேட்டார், அக்கா. நாங்கள் இன்னும் வாயையே திறக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நல்ல நம்பர் வரணும்னுதான்" என்றாள். அந்த சிஸ்டர் திட்டவில்லை. "நம்பர் நல்லாத்தாம்மா இருந்திருக்கும், ஆளுதான் நல்லா இல்ல" என்று மட்டும் சொன்னார். அப்பாவுடையது மாதிரி கெட்டுப்போன நுரையீரலுக்குப் பிராணவாயு அளவுக்கு மேல் போனால் கெட்ட காற்று உள்ளேயே தங்கி மயக்கும் என்று பிறகு எனக்கு விளக்கினார். உனக்கு இதெல்லாம் பாலபாடம். எங்களுக்கும் நீ சொன்னதுதான். காதில் விழுந்தது, கைக்கு வரவில்லை.

மணிக்கட்டில் ரத்தம் எடுத்தார். இறுக்கமான மாஸ்க் ஒன்றை மாட்டி, மெஷினை அவரே முடுக்கினார். பிறகுதான் டாக்டருக்கு போன் பண்ணி, இன்னது பார்த்தேன், இன்னது செய்துவிட்டேன் என்று சொன்னார். அப்பா மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். அந்த சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் தள்ளும், நீங்க எதுத்துத் தள்ளாதீங்க, விட்டுக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா யாருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்? அன்றைக்குக் கொடுத்தார்.

அந்த சிஸ்டர் படித்தது நீ யோசிக்கிற அதே மூன்று வருஷப் படிப்பு. அப்பா தேறின பிறகு கேட்டேன், எங்க அக்காவும் இதைப் படிக்கலாமா என்று. "நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. எம் பொண்ணு ஸ்கூல்ல ஆடுனத ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்ல. ஆனா இத விட்டா எனக்கு வேற எதுவும் புடிக்கல" என்றார். அதைக் கேட்டதும் முடிவே பண்ணிவிட்டேன், அக்கா இதைத்தான் எடுக்கணும் என்று.

ஆனால் அதோடு முடியவில்லை. அந்த வார்டின் கண்காணிப்பாளர் அம்மாவை எனக்கு முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. துணி வண்டியில் நோயாளியை ஏற்றிப் பின்வாசல் வழியாக எப்படிக் கொண்டுவரலாம் என்று என்னை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். மனசுக்குள், இதுதான் நாற்காலிப் படிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால், அன்றைக்கு வார்டில் ஆள் பற்றாக்குறை. அந்தக் குள்ள சிஸ்டர் தலையில் வார்டே கிடக்கிறது. இந்தக் கண்காணிப்பாளர் வராந்தாவில் நின்றுகொண்டு போன் மேல் போன். ஒருத்தரைக் கெஞ்சினார், ஒருத்தரை அதட்டினார், மேல் மாடியிலிருந்து ஒரு நர்ஸைப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்தார். மேல் மாடிக்காரி வந்து சண்டை போட்டாள், அதையும் நின்று வாங்கிக்கொண்டார். அவர் ஒரு நோயாளியையும் தொடவில்லை. ஆனால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் உட்கார முடிந்ததென்றால் அது இவர் போட்ட சண்டையால்தான்.

ஆக, எனக்குக் குழம்பிவிட்டது. எது பெரிசு என்று என்னால் சொல்ல முடியாது. நேற்று "ம்ம்" என்றதற்குப் பாதிக் காரணம் ஸ்பீக்கர், மீதிப் பாதி இது.

ஒன்று மட்டும் சொல்வேன். உனக்கு வராந்தாவில் நின்று சண்டை போடுவது பிடித்திருந்தால் நிர்வாகம் எடு. நன்றாகவே போடுவாய், சின்ன வயசிலிருந்து என்னிடம் பயிற்சி. ஸ்டூலில் உட்காருவது பிடித்திருந்தால் மற்றதை எடு. போன் கையில் இருக்கும் என்பதற்காக எதையும் எடுக்காதே. நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் உட்கார்ந்திருந்தாலும் அப்பாவை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகப் போவது இங்கே இருக்கிற ஒரு ஆள்தான். உன் போனுக்காக நாங்கள் காத்திருந்ததில்தான் அவர் போய்ச்சேரப் பார்த்தார். எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

இப்போது ஏற்பாடு இது. குமிழ் இரண்டில் நிற்கிறது, மேலே டேப் சுற்றியிருக்கிறேன். டேப்பைத் தொட்டால் என்னிடம் சொல்லணும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். காலையில் அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன், உதறுகிறதா என்று. என் பெயர் கேட்கிறேன். "தண்டம்" என்கிறார். தெளிவாகத்தான் இருக்கிறார். அந்தக் குள்ள சிஸ்டர் நம்பர் என்னிடம் இருக்கிறது, துணி இறக்கப் போகும்போது பார்த்துப் பேசிவிட்டும் வருகிறேன். எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் பொய். வண்டி ஓட்டும்போது போன் அடித்தால் உடனே ஓரம் கட்டிவிடுகிறேன். ராத்திரி மெஷின் சத்தம் நின்றுவிட்ட மாதிரி தோன்றி எழுந்து போய்ப் பார்க்கிறேன், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதையெல்லாம் இத்தனை வருஷம் நீ அங்கிருந்தே எப்படிச் செய்தாய் என்று தெரியவில்லை.

நான் போவதாக இருந்த அந்தக் கப்பல் வேலை என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். அது இப்போதைக்கு இல்லை. வரவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, நீயும் கேட்காதே. கடல் எங்கேயும் போய்விடாது.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடு, தள்ளிப் போடாதே. எது சொன்னாலும் சரி. சொன்ன பிறகு எங்களுக்குச் சொன்னால் போதும். அம்மாவிடம் இந்த மெயிலைப் பற்றி மூச்சு விடாதே. அவள் ஏற்கெனவே தனியாக உட்கார்ந்து அழுகிறாள், வெங்காயம் என்கிறாள், கையில் வெங்காயம் இல்லை. ஒரே ஒரு உதவி செய். அடுத்த தடவை கூப்பிடும்போது மீட்டரைக் காட்டச் சொல்லாதே. "அப்பா இன்னிக்கு என்ன சொன்னாரு?" என்று கேள். அம்மா நிறைய வைத்திருக்கிறாள் சொல்வதற்கு. நீயும் ஒருநாள் உன் கதையைச் சொல். நீ என்ன சாப்பிட்டாய் என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்பதில்லை, இப்போதுதான் உறைக்கிறது.

நல்லா இரு, அக்கா. நன்றாகத் தூங்கு. உனக்கு எது பிடிக்கிறதோ அதில் நீ...

போனில் அம்மா கூப்பிடுகிறாள். உன்னை இல்லை, என்னைத்தான். மறுபடியும் அடிக்கிறது. நான் போகணும்.

தம்பி